மினிட்ஸ் சிஸ்டரும் சாயங்கால ஓ.பி.யும்

மேட்டூர் அணையின் மதகைத் திறக்கும் பொறுப்பை மட்டும் மினிட்ஸ் சிஸ்டரிடம் கொடுத்திருந்தால், டெல்டாவில் குறுவைப் பயிருக்கு ஒரு வருஷம்கூடத் தண்ணீர் பிந்தியிருக்காது. சம்பந்தப்பட்ட அத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைத்து, பிரஷர் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கவே விட்டிருப்பார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரத்தநாட்டுக்கும் பேராவூரணிக்கும் நடுவில் வயல் சூழ்ந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சிஸ்டர் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நடக்கிற வேகத்தில் பக்கத்தில் வருபவர்கள் ஓட வேண்டியிருக்கும். அவருடைய சொந்தப் பெயர் சர்வீஸ் ரெஜிஸ்டரில் இருந்தது. அதைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை நான் பார்த்ததுமில்லை, கேட்டதுமில்லை.

நான் சேர்ந்த மூன்றாம் நாள் ஊழியர் கூட்டம். கூட்டத்தில் பேசுவதை மினிட்ஸ் நோட்டில் எழுதுவது என் வேலை. வார்டில் மின்விசிறி ஓடவில்லை என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் நல்ல மனிதர், பொறுமைசாலி. "விரைவில் சரி பண்ணிடலாம்" என்றார். நானும் "விரைவில்" என்று எழுதினேன்.

கதவோரத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"தம்பி, என்ன எழுதினீங்க?"

"விரைவில் சரிசெய்யப்படும்னு எழுதினேன் சிஸ்டர்."

"விரைவில்ங்கறது எந்தக் கிழமை டாக்டர்?"

டாக்டர் சிரித்துப் பார்த்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. கடைசியில் டாக்டர் "வியாழக்கிழமை" என்றார். "மினிட்ஸ்ல ஏத்துங்க தம்பி" என்றார் சிஸ்டர். வியாழக்கிழமை மதியம் மின்விசிறி சுற்றியது. மினிட்ஸ் சிஸ்டர் என்ற பெயர் எப்படி வந்தது என்று அதற்குமேல் நான் யாரிடமும் கேட்கவில்லை.

எந்தக் கூட்டத்திலும் அவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். காற்றுக்காக என்று நினைத்தேன். இல்லை. முடிவு எடுக்காமல் யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்காக. மருந்து கொடுக்கும் பார்மசிஸ்ட் ஒருமுறை போன் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு எழுந்தார். "ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் கேக்கிறோம்" என்றார் சிஸ்டர். பார்மசிஸ்ட் உட்கார்ந்துவிட்டார்.

வட்டாரத்தில் எத்தனை கட்சி உண்டோ அத்தனை கட்சிக்காரர்களும் சிஸ்டர் தங்கள் கட்சி என்று நம்பினார்கள். அவர் யாருக்கும் ஆமாம் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. எல்லாருக்கும் பிரஷர் மட்டும் பார்ப்பார். கைப்பையில் பிரஷர் மிஷின் எப்போதும் இருக்கும். அதுதான் அவருடைய அரசியல்.

அதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். ஒன்றியத் தலைவர் ஏதோ விழாவுக்கு வந்து எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "தலைவரே, முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றார் சிஸ்டர். இந்த ஒரு வரிக்கு அசையாத அரசியல்வாதியை நான் இதுவரை பார்க்கவில்லை. தலைவர் கையை நீட்டினார். சிஸ்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

"பிரசவ வார்டுக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் ஓடல தலைவரே."

தலைவர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. பேசினா ரீடிங் தப்பா வரும்."

தலைவர் வாயை மூடினார்.

"பிள்ளை பெத்தவங்க குடத்தைத் தூக்கிட்டுத் தெருக்குழாய்க்குப் போறாங்க. நீங்க இருக்கிற வட்டாரத்துல இப்படி நடக்கலாமா? கையை ஆட்டாதீங்க. அடுத்த வாரம் புது மோட்டார் வந்துடும்ல? தலையை மட்டும் ஆட்டினா போதும்."

தலைவர் தலையை ஆட்டினார். சிஸ்டர் காற்றைத் திறந்துவிட்டார். "பிரஷர் நார்மல். தம்பி, தலைவர் சம்மதிச்சதை எழுதிக்குங்க." மோட்டார் எட்டாம் நாள் வந்தது. பிரஷர் மிஷினில் அவ்வளவு நேரம் காற்று நிற்க வேண்டியதில்லை என்று டாக்டர் பிற்பாடு என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஆனால் ஒரு விஷயத்தில் சிஸ்டர் கல். தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரின் ஆள் வந்து, எதிர்த்து நிற்பவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று மெல்லக் கேட்டான்.

"உங்க ஆளுக்கு எவ்வளவுன்னு அவங்களும் கேட்டாங்க. சொல்லல. இப்ப ரெண்டையும் சேத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிடட்டுமா?" என்றார். அவன் வாங்க வந்த இருமல் மருந்தைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன காலத்தில்தான் அஞ்சம்மாள் விஷயம் நடந்தது.

அஞ்சம்மாள் நடவு நடும் பெண்களுக்குத் தலைவி. எந்த வயலுக்கு எத்தனை பேர் போக வேண்டும் என்று முடிவு செய்வது அவர்தான். ஐம்பது வயதிருக்கும். பிரஷருக்கு எங்களிடம் மாத்திரை வாங்குகிறவர். இப்போது மாத்திரை வீடு தேடி வருகிறது. அப்போது நாமேதான் போய் வாங்க வேண்டும். அந்தக் குறுவை நடவில், வயலில் நின்றவர் நின்றபடி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டார். வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள்.

திரும்பி வந்தபின் சிஸ்டர் அவர் வீட்டுக்குப் போனார். மருந்துக் கணக்கு எழுத நானும் போனேன்.

"ரெண்டு மாசமா ஏன் அஞ்சம்மா மாத்திரை வாங்க வரல?"

அஞ்சம்மாளுக்குப் பேச்சு இழுத்தது. ஆனால் சொன்னதில் குழப்பமே இல்லை.

"நீங்க தெறந்திருக்கிற நேரம் நான் சேத்துல நிக்கிறேன். நான் கரையேறுற நேரம் நீங்க பூட்டிடுறீங்க. எப்ப வர்றது?"

எங்கள் ஓ.பி. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. நடவுக்காரர்கள் ஆறரைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். இத்தனை வருஷமாக இந்த இரண்டு நேரத்தையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சிஸ்டர் உட்பட.

திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் அவர் மெதுவாக நடந்தார். அவரோடு நான் ஓடாமல் நடந்தது அன்றுதான். "போன வருஷம் அவங்களைத் திட்டினேன் தம்பி. பொறுப்பே இல்லைன்னு. வரிசையில எல்லார் முன்னாடியும்" என்றார்.

மறுநாள் காலை சிஸ்டர் டாக்டரின் அறையில் போய் நின்றார்.

"சாயங்காலம் ஓ.பி. தெறக்கணும் டாக்டர்."

"நேரத்தை மாத்துறது என் கையில இல்ல சிஸ்டர். அது பாலிசி. மேல முடிவு பண்றது."

"மேலன்னா எத்தனாவது மாடி?"

டாக்டருக்கே தெரியவில்லை. சிஸ்டர் அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினார்.

முதலில் ஊழியர்களைச் சமாளிக்க வேண்டியிருந்தது. சாயங்கால ஓ.பி. என்றதும் எங்கள் எல்லோருக்கும் எரிச்சல். நானே முதல் ஆள். சங்கக் கூட்டம் கூட்டினோம். இதில் ஒரு சங்கடம். சங்கத்தின் வட்டாரச் செயலாளர் சிஸ்டர்தான். அவர் எழுந்து, சாயங்கால வேலை ஊழியர்களுக்குக் கூடுதல் சுமை, சங்கம் இதை வன்மையாக எதிர்க்கிறது என்று அரைமணி நேரம் பேசினார். நாங்கள் கைதட்டினோம். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, சங்கத்தின் எதிர்ப்பு நியாயமில்லை, நோயாளி வரும் நேரத்தில் பூட்டியிருக்கும் ஆஸ்பத்திரி எதற்கு என்று இன்னொரு அரைமணி நேரம் பேசினார்.

பார்மசிஸ்ட் குழம்பிப்போய்க் கேட்டார். "சிஸ்டர், நீங்க இப்ப எந்தப் பக்கம்?"

"நின்னா ஆஸ்பத்திரி பக்கம். உக்காந்தா உங்க பக்கம். உக்காந்து பேசலாமா?"

உட்கார்ந்து பேசினோம். சாயங்காலம் வேலை பார்த்தவர் மறுநாள் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று முடிவானது. கதவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்ததால் முடிவாகாமல் வேறு வழியும் இல்லை.

அடுத்தது சுதந்திர தினக் கிராம சபை. அரசு ஊழியர் அங்கே எழுந்து கோரிக்கை வைக்க முடியாது. அதனால் பெண்களைத் தயார் செய்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று பாடம் நடத்துவார்.

"யாரும் அழக் கூடாது. அழுதா ஆறுதல் சொல்லி அனுப்பிடுவாங்க. நேரத்தை மட்டும் சொல்லுங்க. எத்தனை மணிக்கு வயலுக்குப் போறீங்க, எத்தனை மணிக்கு வர்றீங்க, ஆஸ்பத்திரி எப்ப பூட்டுது. அவ்வளவுதான்."

கிராம சபையில் அதிகாரி தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று வழக்கமான கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தார். ஒரு பெண் எழுந்து, "ஆறரைக்குப் போறேன், மூணு மணிக்கு வர்றேன், நீங்க பன்னெண்டுக்குப் பூட்டிடுறீங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள். அடுத்தவள் எழுந்து அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதினைந்தாவது ஆள் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பதினாறாவதாக எழுந்த பாக்கியம் திருதிருவென்று விழித்தாள்.

"எனக்கு மறந்துபோச்சுங்க. ஆனா சிஸ்டர் சொல்லிக்குடுத்தது எல்லாம் சரியாத்தான் இருக்கும். அதையே எழுதிக்குங்க."

கூட்டம் முழுக்கத் திரும்பிச் சிஸ்டரைப் பார்த்தது. சிஸ்டர் பக்கத்தில் இருந்த ஒரு கிழவரின் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தீர்மானம் நிறைவேறியது. பத்து நாளில் சிஸ்டருக்கு மெமோவும் வந்தது. எந்த அலுவலகத்திலிருந்து என்று சொல்ல மாட்டேன். நடத்தை விதிகளுக்கு மாறாகப் பொதுமக்களைத் தூண்டியது ஏன், விளக்கம் தரவும் என்று நாலு வரி. அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிஸ்டர் வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது.

"இதுக்குத்தான் தம்பி காத்துக்கிட்டிருந்தேன்."

"மெமோவுக்கா சிஸ்டர்?"

"மனு போட்டா எங்க போகுதுன்னு தெரியாது. மெமோவுக்குப் பதில் போட்டா ஃபைலுக்குப் போகும். நடவடிக்கை எடுக்கணும்னா முதல்லேருந்து கடைசிவரை படிச்சே ஆகணும். டைப் அடிக்க உக்காருங்க."

நாலு வரிக்கு இருபத்தாறு பக்கம் பதில். முதல் பக்கத்தில் மட்டும், நான் யாரையும் தூண்டவில்லை, சந்தேகத்தைத் தீர்த்துவைத்தேன் என்று எழுதினார். மற்ற இருபத்தைந்து பக்கமும் சாயங்கால ஓ.பி.தான். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று போக நெல்லுக்கும் மாதவாரியாக ஓர் அட்டவணை. எந்த மாதம் நாற்று பறிப்பு, எந்த மாதம் நடவு, களையெடுப்பு, அறுவடை, அந்த மாதங்களில் மாத்திரை வாங்க வராதவர்கள் எத்தனை பேர் என்று ஓ.பி. நோட்டைப் புரட்டி எடுத்த கணக்கு. பெயர் எதுவும் இல்லை. வேலை நேரமும் நோயும் மட்டும். அடித்து முடிக்கும்போது என் எரிச்சல் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி இரண்டு அட்டவணையை அவர் கேட்காமலே நான் அழகாகக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். "பார்வைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதினால் அவருக்கு வம்பில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். சிஸ்டர் அவருக்குத் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அந்த பிளாஸ்கிலிருந்து வேறு யாருக்கும் காபி கிடைத்து நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் சொன்னபடியே ஃபைல் மாடி மாடியாக ஏறியது. ஒருநாள் சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி மாவட்டத்துக்கு வந்தார். நாற்பது வயது அம்மா. ஆய்வுக் கூட்டத்துக்குச் சிஸ்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அஞ்சம்மாளையும் அழைத்துக்கொண்டு வந்தார். கோலூன்றி நடக்கிற அளவுக்கு அஞ்சம்மாள் தேறியிருந்தார். ஃபைல் கட்டோடு நான்.

"இந்தப் பயிர் அட்டவணை யார் போட்டது? விவசாயத் துறையா?" என்றார் அதிகாரி.

"நான்தாங்க மேடம். ஸ்டாஃப் நர்ஸ்." கதவோரத்து நாற்காலியிலிருந்து சிஸ்டர் எழுந்தார்.

"மெமோவுக்குப் பதிலா இதை எழுதினீங்க?"

"கேட்டாங்க. எழுதினேன்."

முன்வரிசையில் ஒருவர், மாலையில் திறந்தாலும் இவர்கள் வருவார்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். சிஸ்டர் அஞ்சம்மாளைப் பார்த்தார். அதிகாரியும் புரிந்துகொண்டு அஞ்சம்மாளிடமே கேட்டார்.

"எத்தனை மணிக்குத் தெறந்தா வருவீங்கம்மா?"

"நாலு மணிக்கு" என்றார் அஞ்சம்மாள். "மூணுக்கு வீட்டுக்கு வந்துருவோம். கால் கழுவணும்ல. சேத்தோட உள்ள வந்தா உங்க கூட்டுற ஆயாம்மா வெளக்குமாத்தைத் தூக்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதியது "நாலு மணி" என்றுதான். பக்கத்திலிருந்து நான் பார்த்தேன்.

தாளடி நடவு தொடங்குவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. நடவு, அறுவடை மாதங்களில் வாரம் இரண்டு நாள், நாலிலிருந்து ஆறு வரை மாலை ஓ.பி. எங்கள் நிலையத்திலும், சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில இடங்களிலும் சோதனை முறையில். சிஸ்டர் கேட்டது நாலு நாள். "ரெண்டு கிடைச்சிருக்கு. மீதி ரெண்டு அங்கதானே இருக்கு, எங்க போயிடப் போகுது" என்றார்.

அதே தபாலில் இன்னொரு கவரும் இருந்தது. நிர்வாக நலன் கருதிச் சிஸ்டரை வேதாரண்யம் பக்கம் மாற்றியிருந்தார்கள்.

நான் அந்த இரண்டையும் மேசையில் வைத்தேன். முதல் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் அவரே நாலு மூலையிலும் ஆணி குத்தி மாட்டினார். இரண்டாவதை மடித்துக் கைப்பையில் பிரஷர் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எதிர்த்து எழுதலாம் சிஸ்டர். டைப் அடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. இப்ப எதிர்த்தா எனக்காகக் கேட்டேன்னு ஆயிடும். ஓ.பி. நடக்கட்டும்." கைப்பையை மூடிக்கொண்டே, "வேதாரண்யத்துல உப்பளம் இருக்குல்ல? அவங்க எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாங்க?" என்றார்.

வழியனுப்பு விழாவுக்கு மூன்று கட்சிக்காரர்கள் மூன்று பொன்னாடையோடு வந்தார்கள். மூவருமே "நம் கட்சிச் சகோதரி" என்று பேசிவிட்டு, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். சிஸ்டர் மூன்று ஆடையையும் வாங்கவில்லை. "பொன்னாடை எனக்கு எதுக்கு? பிரசவ வார்டுக்குப் போர்வை குடுங்க. யாரு முதல்ல குடுக்கிறீங்கன்னு பாக்கிறேன்" என்றார். மறுநாள் மாலைக்குள் வார்டில் போர்வை வைக்க அலமாரி போதவில்லை.

முதல் சாயங்கால ஓ.பி.யில் சிஸ்டர் இல்லை. நான் இருந்தேன். நாலு மணிக்கு வாசலில் யாருமில்லை. நாலேகாலுக்கும் இல்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்கு வாய்க்கால் பக்கமிருந்து ஈரப் புடவையும் கழுவிய காலுமாக ஒரு கூட்டம் வந்தது. அஞ்சம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து, வயலுக்கு ஆள் அனுப்புவது போல இவளுக்குச் சர்க்கரை, அவளுக்குப் பிரஷர் என்று வரிசையை அவரே பிரித்துவிட்டார். சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"கூட்டம் இருக்கா?"

"வாசல் வரைக்கும் நிக்குது சிஸ்டர்."

"சரி, பேசிக்கிட்டு நிக்காதீங்க. போய்ச் சீட்டு எழுதுங்க" என்று வைத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். "தம்பி, இங்கயும் மெமோ வந்துடுச்சு." குரலில் அப்படி ஒரு நிம்மதி. உப்பளத்தில் வேலை செய்பவர்களின் கால் புண்ணுக்கும் கண் எரிச்சலுக்கும் வேலை நடக்கும் இடத்திலேயே மருந்து வேண்டும் என்பது அந்த முறை விஷயம். முப்பத்தொரு பக்கம் பதிலாம். அதுவும் பாதி நடந்தது என்று கேள்விப்பட்டேன். மீதிப் பாதியை இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறார்.

போன தை மாதம் அவர் கணவருக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சிஸ்டர் பேசுகிற வீட்டில் அதிகம் பேச வாய்ப்பில்லாததால் சாந்தமான முகம். அன்று ஒரே நேரத்தில் ஏழெட்டு ஜோடிகள். கலச நீரைத் தலையில் ஊற்றியபோது, பக்கத்து ஜோடியில் ஒரு அம்மா வழுக்கி விழப் பார்த்தார். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த சிஸ்டர் ஈரத்தோடு எழுந்துபோய், தரையில் சாக்கு போடச் சொல்லி ஐயரிடம் வாதாடினார். சாக்கு வந்த பிறகுதான் தாலி.

சடங்கு முடிந்ததும் காலில் விழுந்து கும்பிடப் போனேன். ஆசீர்வாதம் வரவில்லை. தோளைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ வீங்கியிருக்கே. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா தம்பி?"

எனக்குப் பிரஷர் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

"போடுறேன் சிஸ்டர்" என்றேன்.

அது பொய். மறுநாள் காலையிலிருந்து அந்தப் பொய்யை உண்மையாக்கிக்கொண்டு வருகிறேன்.